வாயைப் பொத்தினால் நாலு

மெர்சியைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்குக் கிடையாது. யோக்கியதை உள்ளவர்கள் யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அவளோடு அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சப் பேர் பென்ஷனை வாங்கிக்கொண்டு டிவி பார்க்கிறார்கள். நான் அங்கே தமிழாசிரியர், பெயர் கண்ணப்பன். பிள்ளைகளுக்குத் தமிழய்யா.

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மைல் நடந்தால் வரும் நடுநிலைப் பள்ளி அது. அரசாங்கம் சம்பளம் கொடுக்கும், தனியார் அதிகாரம் பண்ணுவார். உதவி பெறும் பள்ளி என்றால் அவ்வளவுதான் அர்த்தம். அந்தத் தனியார் எங்கள் தாளாளர் பரசுராமன். ரைஸ்மில் முதலாளி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அதற்குமேல் படித்தவனெல்லாம் தன்னிடம்தான் கைநீட்டிச் சம்பளம் வாங்குகிறான் என்று மேடை கிடைத்தால் மேடையிலேயே சொல்லுவார்.

அவருக்குக் கீழே தலைமை ஆசிரியர் முனிரத்தினம். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தன்னைவிடப் பெரிய ஆள் யாராவது எதிரே வந்தால் இடது கையை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொள்வார். வலது உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வார். முதுகு தானாக வளைந்துவிடும். பெரியவர்கள் மேல் எச்சில் தெறிக்கக் கூடாதாம். தாளாளர் வந்தால் அப்படி, கல்வி அதிகாரி வந்தால் அப்படி. தாளாளர் வீட்டு டிரைவரிடம்கூட ஒருமுறை பாதி வாயைப் பொத்தியபடி பேசியதை நான் பார்த்தேன். அதே வாய் பிள்ளைகளுக்கு முன்னால் எப்படித் திறக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அப்போது எச்சிலைப் பற்றிய கவலை அவருக்கு இருந்ததில்லை.

மெர்சி மண்ணூர்ப் பெண். அப்போது இருபத்து நாலு வயது. டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு மூன்று வருஷமாக எங்கள் பள்ளியில் தற்காலிகம். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, வெயிலில் ஒரு மைல் நடந்து, மணி அடிப்பதற்குக் கால்மணி நேரம் முன்னால் வந்து நிற்பாள். அப்பா இல்லை. அம்மா சந்திரம்மாள் கூலிக்குப் போய்ப் படிக்கவைத்தாள். தற்காலிகம் என்றால் ஆசிரியர் அறையில் நாற்காலி கிடையாது, சுவரோரம் கால் ஆடும் பெஞ்சு. எவன் லீவு போட்டாலும் அவன் வகுப்பு இவள் தலையில். அடுத்த ஜூனில் கணக்கு வாத்தியார் ஓய்வு பெறுகிறார், ஒரு நிரந்தர இடம் காலியாகிறது. அந்த ஓர் இடத்துக்காகத்தான் மூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் ‘சரிங்க சார்’ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது 1991. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும், அதைச் சொல்ல நான் வரவில்லை. ஜூலையில் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தாளாளர் ஏரிக்கரைப் பக்கம் இருந்த தன் நிலத்தை மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்றிருந்தார். நிலத்தை வாங்கியவர்களுக்கு ஊருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று திடீரென்று ஆசை பிறந்தது. எங்கள் பள்ளியில் கக்கூஸ் கிடையாது. பெண்பிள்ளைகள் கருவேலம் புதருக்குப் பின்னால்தான் போய்வந்தார்கள். மழை பெய்தால் ஆறாம் வகுப்பு ஒழுகும். அந்தப் பெரிய மனசுக்காரர்கள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள்.

மாட்டிவிட வந்தவன் டை கட்டிய ஒரு பையன். அந்த வெயிலில் டை. அட்டைபோல இருந்த பிளாப்பியை உள்ளே செருகினான். திரையில் ஒரு கேள்வி வந்தது, அடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நாலு விடைகள். சரியான எண்ணைத் தட்டினால் பெட்டி ஒரு பாட்டு வாசித்தது. தப்பான எண்ணைத் தட்டினால் கொர்ரென்று ஒரு சத்தம் போட்டு, ‘சாரி! ட்ரை அகெய்ன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. இரண்டாவது வாய்ப்பும் தப்பினால்தான் விடையைச் சொல்லும்.

“ஒவ்வொரு ஸ்டூடண்டும் தனியா உக்காந்து இதோட பேசணும் சார். அதான் இதுல விசேஷம்” என்றான் டைக்காரன்.

ஆறாம் வகுப்பில் மட்டும் நாற்பத்தாறு பிள்ளைகள். பெட்டி ஒன்று. அந்த வகுத்தலை அவனும் போடவில்லை, அவனை அனுப்பிய கம்பெனியும் போடவில்லை. வாயைப் பொத்தியபடி, “ஆகட்டுங்க சார், ஆகட்டுங்க சார்” என்று தலையாட்டிய முனிரத்தினமும் போடவில்லை.

அவர் செய்தது வேறு. பெட்டியைத் தன் அறையில் வைத்துக்கொண்டார். சந்தனம் குங்குமம் வைத்தார். தாளாளர் வீட்டம்மா பூவேலை செய்த உறை ஒன்று தைத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரிசையாக உள்ளே வந்து, பெட்டியைப் பார்த்துவிட்டு, மறு வாசல் வழியாக வெளியேற வேண்டும். பாதிப் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டுப் போயின. கும்பிடாதவனைக் கும்பிடச் சொல்லி ஒரு குட்டும் வைத்தார் முனிரத்தினம். இதற்குப் பெயர் கம்ப்யூட்டர் கல்வி. மாதக் கடைசியில் அந்தப் பெயரிலேயே கம்பெனிக்கு ரிப்போர்ட் போனது, அதை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அந்தப் பெட்டியை இயக்கக் காஞ்சிபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நிரந்தர ஆசிரியர்கள் யாருக்கும் போக மனசில்லை. எனக்கும்தான். மெர்சியை அனுப்பினார்கள். திரும்பி வந்தவள் நேராக முனிரத்தினத்திடம் போய் நின்றாள்.

“சார், மிஷினை ஆறாங் கிளாஸுக்கு எடுத்துக்கினு போறேன் சார்.”

“இன்னாது? தூசி பூந்துடும்மா. ஒழுகற ரூம் அது.”

“ஒரு மூலை ஒழுகாது சார். அங்க வெச்சிக்கறேன். இங்க வெச்சிருந்தா இது சும்மா கீதுனு கம்பெனிக்காரங்களுக்குத் தெரிஞ்சிடும் சார்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. பள்ளிக்கூடத்தில் முனிரத்தினத்தைப் புரிந்துகொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மேசையைத் தூக்க நானும் ஒரு கை கொடுத்தேன். அவளுக்கு உதவ வேண்டும் என்று இல்லை, முனிரத்தினத்தின் வயிறு எரியட்டும் என்று.

நாற்பத்தாறு பிள்ளைகளும் எப்படி ஒரே நேரத்தில் பதில் சொல்வது? முதலில் வாயால் சொல்லச் சொன்னாள். சத்தமாகக் கத்துகிறவன் பதில்தான் எல்லாருக்கும் பதில் என்று ஆனது. அப்புறம் சிலேட்டில் எண்ணை எழுதித் தூக்கச் சொன்னாள். பாதிப் பேரிடம் சிலேட்டு இல்லை. இருந்தவன் பக்கத்தில் இருப்பவன் சிலேட்டைப் பார்த்து எச்சிலைத் தொட்டு அழித்து மாற்றினான்.

ஆறாம் வகுப்புக்கும் என் ஏழாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். ஒரு நாள் நான் வழக்கம்போல, “கையைக் கட்டு! வாயைப் பொத்து!” என்று கத்தினேன். என் வகுப்பு மொத்தமும் ஒரே நொடியில் கையைக் கட்டியது, அடுத்த நொடியில் வாயைப் பொத்தியது. தட்டிக்கு மேலே மெர்சியின் தலை தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஆறாம் வகுப்பில் ஒன்று என்றால் கையைத் தூக்குவது. இரண்டு என்றால் கையைக் கட்டுவது. மூன்று என்றால் இரண்டு காதையும் பிடித்துக்கொள்வது. நாலு என்றால் வாயைப் பொத்துவது. நான்குமே நாங்கள் கற்றுக்கொடுத்தவை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் எத்தனையோ செய்யுள் நடத்தியிருக்கிறேன், ஒன்றும் அந்தப் பிள்ளைகள் மண்டையில் நின்றதில்லை. இந்த நாலு தண்டனைதான் நின்றது. எங்கள் மொத்தக் கல்வியும் அந்த நாலுக்குள் அடக்கம் என்று எங்களுக்கே தெரியாததை அந்தப் பெண் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, அதைப் பதில் சொல்லும் கருவியாக்கிவிட்டாள்.

காப்பியடிக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தாள். கேள்வியைத் தமிழில் இரண்டு தடவை சொல்லுவாள். “கண்ண மூடு. யோசி. காட்டு!” என்பாள். நாற்பத்தாறு பிள்ளைகளும் கண்ணை மூடியபடி கையைத் தூக்கும், கட்டும், காதைப் பிடிக்கும், வாயைப் பொத்தும். அவள் எண்ணிக் கரும்பலகையில் எழுதுவாள். உடனே விசையைத் தட்டிவிட மாட்டாள். வேறு வேறு பதில் சொன்னவர்களைக் கிளப்பிச் சண்டை போடவிடுவாள். அதற்குப் பிறகு மறுபடியும் கண்ணை மூடி ஒரு சுற்று. எந்தப் பதிலுக்கு ஆள் அதிகமோ அந்த எண்ணை ஒரு பிள்ளை போய்த் தட்டும்.

தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு நாள் அரை, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று, இதில் எது பெரியது என்று கேள்வி. நாற்பத்தைந்து பேர் வாயைப் பொத்தினார்கள், ஐந்துதானே பெரிய எண். மஹாலட்சுமி என்ற பிள்ளை மட்டும் கையைத் தூக்கியிருந்தாள். அவளை எழுப்பிச் சொல்லச் சொன்னாள் மெர்சி.

“ஒரு பன்னு கீதுனா, ரெண்டு பேரு பிச்சிக்கினா எனக்குப் பாதி. அஞ்சு பேரு பிச்சிக்கினா எனக்கு இன்னா கெடைக்கும், தூளு!”

“அஞ்சு பெரிசு இல்லியாடி?” என்றான் ஒருவன்.

“அஞ்சு பேருதான்டா பெரிசு. பன்னு சின்னது.”

அடுத்த சுற்றில் நாற்பது கைகள் மேலே போயின. பெட்டி பாட்டு வாசித்தது. நான் ஏழாம் வகுப்பைக் கவனிக்காமல் தட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தப்பாகத் தட்டினாலும் அந்தப் பிள்ளைகள் குதித்தார்கள். ‘சாரி’ என்றால் மன்னிப்புக் கேட்பது என்று மெர்சி சொல்லிக்கொடுத்திருந்தாள். தப்பு பண்ணியது தாங்கள், மன்னிப்புக் கேட்பது மிஷின். அந்தக் கட்டடத்தில் யாரும் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டது கிடையாது. அதனால் சிலதுகள் வேண்டுமென்றே தப்பாகத் தட்டிப் பார்த்தன.

இதில் எனக்கு ஒரு தொல்லை வந்தது. ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கப் போய், “வாயைப் பொத்து!” என்று கத்தினால் முதல் பெஞ்சில் ஒருத்தி மெல்ல, “நாலு” என்பாள். வகுப்பே விரலிடுக்கில் சிரிக்கும். காலைப் பிரார்த்தனையில் முனிரத்தினம், “கையைக் கட்டு” என்றால் வரிசைக்குள்ளே, “ரெண்டு, ரெண்டு” என்று முணுமுணுப்பு ஓடும். ஏதோ மந்திரம் சொல்லுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் தலையை ஆட்டுவார். பள்ளியில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். எனக்குத் தெரியும்.

டிசம்பரில் கம்பெனியின் பெரிய மனிதர் மெட்ராஸிலிருந்து நேரில் வந்து பார்க்கப் போவதாகச் செய்தி வந்தது. தாளாளர் மெர்சியைக் கூப்பிட்டனுப்பினார்.

“இன்னாம்மா, நல்லா சொல்லிக்குடுக்கிறியாமே. அவரு முன்னால செஞ்சி காட்டு. நல்லா செஞ்சினா ஜூன்ல அந்தப் போஸ்ட்டு உனக்குத்தான். பரசுராமன் சொன்னா சொன்னதுதான்.”

அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மெர்சி நேராக என்னிடம் வந்து சொன்னாள். “ஐயா, அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ஆர்டர் கைக்கு வந்தப்புறம் சொல்றேன்” என்றாள். நல்லதும்மா என்றேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

வருகைக்கு முந்தின நாள் முனிரத்தினம் ஒத்திகை பார்க்க வந்தார். மெர்சி, “கண்ண மூடு” என்றதும் நாற்பத்தாறு பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் முகம் மாறிவிட்டது.

“இன்னாம்மா இது, ஜெபமா?”

“இல்ல சார். ஒருத்தரப் பார்த்து ஒருத்தர் காட்டாம இருக்கறதுக்கு.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. மெர்சின்ற டீச்சரு புள்ளைங்களக் கண்ண மூட வெக்கறாள்னு வெளிய போச்சுன்னா தாளாளருக்கு நான் இன்னா பதில் சொல்றது? பெரியவரு வந்து நிக்கறப்ப கண்ண மூடினா மரியாதையா அது? நாளைக்கு யாரும் கண்ண மூடக் கூடாது. அவ்ளோதான்.”

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான் கதவருகில்தான் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, “இன்னா தமிழய்யா, நான் சொல்றது சரிதான?” என்றார். நான் தலையை ஆட்டினேன். எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளும்படி ஓர் ஆட்டு, அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

மறுநாள் பதினொரு மணிக்கு வெள்ளை அம்பாசடர் வந்தது. பெரியவர் குளிர்க் கண்ணாடியைக் கழற்றாமலே இறங்கினார். மாலை, சந்தன மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆனது. ஆறாம் வகுப்பில் முன்வரிசையில் மூன்று நாற்காலி போட்டிருந்தோம். பெரியவரும் தாளாளரும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது நாற்காலி முனிரத்தினத்துக்கு, அவர் உட்காரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டார். பெரியவர் ஏதோ கேட்கவும் இடது கை வயிற்றில் ஒட்டியது, வலது கை வாய்க்குப் போனது. அப்படியே நின்றுவிட்டார். நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மெர்சி கேள்வியை வரவழைத்தாள். அரை, நாலில் ஒன்று, எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று. இதில் எது சின்னது? மூன்றாவது விடை, காதைப் பிடிக்க வேண்டியது. இதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தமிழில் இரண்டு தடவை சொன்னாள். கண்ணை மூடு என்று பழக்கத்தில் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “யோசி. காட்டு” என்றாள்.

பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டு யோசித்தார்கள். எதிரே தலைமை ஆசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். ஹெச்.எம். சார் நாலு என்கிறார். தங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக இந்த மனிதர் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் பண்ணுகிறார் என்று அந்தச் சின்ன மூளைகள் நினைத்திருக்க வேண்டும். காதுக்குப் போன கைகள் இறங்கின. வரிசை வரிசையாக வாய்கள் பொத்திக்கொண்டன. மஹாலட்சுமி மட்டும் ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழப் போகிறவளாக மெர்சியைப் பார்த்தாள்.

மெர்சி திரும்பி முனிரத்தினத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வகுப்பின் விதி விதிதான், அதிகம் பேர் சொன்ன எண்ணைத் தட்ட வேண்டும். தட்டச் சொன்னாள். கொர்ரென்றது பெட்டி. சாரி! ட்ரை அகெய்ன்.

பெரியவர் சிரித்துவிட்டார். “மொத்தப் பேரும் தப்பா? ஒருத்தனப் பார்த்து ஒருத்தன் காப்பி அடிக்கிறான். இதுக்குத்தான் தனித்தனியா உக்கார வைக்கணும்னு சொன்னது.”

தாளாளரின் கழுத்து சிவந்தது. மெர்சி ஓர் அடி முன்னால் வந்தாள். மூன்று வருஷமாக ‘சரிங்க சார்’ மட்டும் சொன்ன பெண்.

“காப்பி அடிக்கல சார். எங்க கிளாஸ்ல வாயைப் பொத்தினா நாலுனு அர்த்தம். ஹெச்.எம். சார் வாயைப் பொத்திக்கினு எதிர்ல நின்னாரு. அவரு நாலுனு சொல்றாருனு புள்ளைங்க நெனச்சிடுச்சிங்க.”

பெரியவர் முனிரத்தினத்தைப் பார்த்து, “அப்படியா?” என்று கேட்டார்.

“அப்டிலாம் ஒண்ணுமே இல்லீங்க சார்” என்றார் முனிரத்தினம். வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு பிள்ளைகள், “நாலு” என்றன. பெரியவருக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தார், என் நரைத்த தலையும் நெற்றித் திருநீறும் அவர் கண்ணில் பட்டன.

“நீங்க யாரு, தமிழ் வாத்தியாரா? வயசானவரு, பொய் சொல்ல மாட்டீங்க. நீங்க சொல்லுங்க, இந்தப் பொண்ணு சொல்றது நெஜமா?”

எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது. தாளாளர் என்னைப் பார்த்தார். முனிரத்தினம் கைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். மெர்சி பார்த்ததை மட்டும் நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன்.

“நான் கவனிக்கலீங்க” என்றேன்.

அவ்வளவுதான். முனிரத்தினத்தை இத்தனை பக்கமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேனே, அவருக்காவது தான் வாயைப் பொத்தியிருப்பதே தெரியாது. அது அவருக்கு மூச்சு விடுவதுபோல. நான் தெரிந்தே பொத்தினேன்.

“இன்னொரு சான்ஸ் கீது சார். மிஷினே குடுக்குது. ஒரு நிமிஷம் சார்” என்றாள் மெர்சி. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். தாளாளர் வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன, எல்லாரும் எழுந்து போனார்கள்.

நான் வாசல் வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். மெர்சி கதவுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, “கண்ண மூடு. யோசி. காட்டு” என்றாள். நாற்பத்தாறு பிள்ளைகளும் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கைகூடத் தவறவில்லை. பெட்டி அந்தப் பாட்டை முழுவதும் வாசித்து முடித்தது. கேட்க அங்கே பெரிய மனிதர் யாரும் இல்லை.

ஜூனில் அந்த நிரந்தர இடம் தாளாளரின் மச்சான் மகளுக்குப் போனது. கணக்கில் அந்த அம்மாள் எப்படி என்று கேட்காதீர்கள். மெர்சியை வர வேண்டாம் என்று சொன்னதுகூட நேரில் இல்லை, பியூன் மூலமாக. பெட்டி முனிரத்தினம் அறைக்குத் திரும்பியது, உறை போட்டுக்கொண்டது, மறுபடியும் வெள்ளிக்கிழமை வரிசை. இரண்டாம் வருஷம் விசைப்பலகைக்குள் எறும்பு புகுந்து கெட்டுப்போனது. கெட்டது தெரியாமலே அதற்குப் பிறகும் மூன்று வருஷம் குங்குமம் வைத்தார்கள். அந்த ரிப்போர்ட்டுகளையும் நான்தான் எழுதினேன்.

மெர்சி மறைமலை நகரில் ஏதோ கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். தங்கை ஷெர்லினை நர்சிங் படிக்கவைத்தாளாம். அம்மா தவறிப்போனாளாம். எல்லாம் ‘ஆம்’ போட்டுக் கேட்டதுதான். மண்ணூர் ஒன்றும் சிங்கப்பூர் இல்லை, ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

பதினாறு வருஷம் கழித்துச் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். ஊரே மாறியிருந்தது. ஷிப்ட் விடும் நேரம், தெற்கத்திப் பெண்பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு கூட்டம் கூட்டமாக நின்றார்கள். நான் மருந்து வாங்கிக்கொண்டு இரண்டு கையிலும் பையோடு நின்றிருந்தேன். கம்பெனிச் சட்டை போட்ட ஓர் அம்மாள் என் எதிரே வந்து நின்றாள். காதோரம் நரைத்திருந்தது.

“ஐயா, நல்லா கீறீங்களா? மெர்சி.”

“எங்கேம்மா இருக்கே?” என்றேன்.

“இங்கதான் ஐயா. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு லைன்ல வேலை சொல்லிக்குடுக்கறேன். மிஷின் சத்தத்துல பேசினா ஒண்ணும் கேக்காது. எல்லாம் கை சாடைதான்.” சிரித்தாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் இன்னும் கீது.”

நானும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு கண்டெய்னர் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இருமல் வந்தது. பைகளை ஒரே கைக்கு மாற்றிவிட்டு இன்னொரு கையால் வாயைப் பொத்தினேன்.

அவள் என் கையையே பார்த்தாள்.

“நாலுங்களா ஐயா?”

கேலியாகத்தான் கேட்டாள், கோபம் இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. அவளுடைய கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஏறப் போனவள் படியில் நின்று திரும்பினாள்.

“நாலு தப்புங்க ஐயா. இன்னொரு சான்ஸ் கீது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பைகளைக் கீழே வைத்தேன். வைத்து நிமிர்வதற்கு இந்த வயதில் நேரமாகிறது. இரண்டு கையையும் தூக்கி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டேன். பஸ் அதற்குள் ரோட்டில் ஏறித் திரும்பிவிட்டது. அத்தனை பெண்பிள்ளைகளுக்கு நடுவில், அறுபத்தெட்டு வயதில், காதைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.

டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். “இன்னா பெரியவரே, காது வலியா?”

“ஆமாம்ப்பா, காது வலி” என்றேன்.